விஆர்எஸ் தாளும் வீட்டுக் கணக்கும்: வாசகர் கேள்விகள்

பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்து, விருப்ப ஓய்வில் (விஆர்எஸ்) போனவர்களின் செட்டில்மென்ட் கோப்புகளை முடித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற அதிகாரி பதில் சொல்கிறார். இந்த இதழில் விருப்ப ஓய்வு பற்றி வந்த கடிதங்கள் மட்டும்.

என் கணவருக்கு 54 வயது. மத்தியப் பொதுத்துறை ஆலை ஒன்றில் 28 வருட சர்வீஸ். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்ந்து மாதம் 78,000 ரூபாய். இப்போது விஆர்எஸ் அறிவித்திருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 78 லட்சம் வரும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். என் தம்பி, "வாங்கிடுங்க மாமா, சேர்ந்து டைல்ஸ் கடை போடலாம்" என்கிறான். மகள் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

அம்மா, கடிதத்தோடு அந்தத் தாளின் நகலையும் அனுப்பியதற்கு நன்றி. இப்படிப்பட்ட தாள்களை நானே தயாரித்திருக்கிறேன் என்பதால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு சிவப்புப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். 28 லட்சத்து 22 ஆயிரம். கிராஜுவிட்டி 12 லட்சத்து 60 ஆயிரம். லீவு சம்பளம் 300 நாளுக்கு 7 லட்சத்து 80 ஆயிரம். இந்த மூன்று வரிகளையும் அடித்துவிடுங்கள். உங்கள் கணவர் இன்று போனாலும் 60 வயதில் போனாலும் இவை வரத்தான் போகின்றன. ஏற்கெனவே உங்களுடைய பணத்தை உங்களிடமே காட்டி, கூட்டுத்தொகையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, தாளில் எல்லாம் சரிதான். ஆனால் ஆலை புதிதாகத் தருவது மிச்சமுள்ள ஒரே வரி: எக்ஸ்கிரேஷியா, அதாவது முன்கூட்டியே போவதற்கான ஈட்டுத்தொகை, 29 லட்சத்து 38 ஆயிரம்.

அது எப்படி வந்தது? ‘குஜராத் பேட்டர்ன்’ என்று எங்கள் வட்டத்தில் சொல்வோம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், மீதமிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம். 28 வருடத்துக்கு 980 நாள், மீதி 6 வருடத்துக்கு 150 நாள், மொத்தம் 1,130 நாள். ஒரு நாளுக்கு 2,600 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள், அதாவது மாதத்தை 30 நாளாக எடுத்திருக்கிறார்கள். சுற்றறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது மறுபக்கம். இன்னும் 72 மாதம் வேலைக்குப் போனால் இன்றைய சம்பளத்திலேயே 56 லட்சத்து 16 ஆயிரம். வித்தியாசம் 26 லட்சத்து 78 ஆயிரம், மாதத்துக்கு 37,000 சொச்சம். அதோடு நிறுவனம் பி.எஃப்.புக்குக் கட்டும் 12 சதவீதம் 9,360 ரூபாய் நின்றுபோகும். ஆறு வருடம் கூடுதல் சர்வீஸுக்கான கிராஜுவிட்டியை மாதக் கணக்கில் பிரித்தால் இன்னொரு 3,750. ஆக 50,000 ரூபாய். வெளியே வந்த முதல் மாதத்திலிருந்து 60 வயது வரை உங்கள் கணவர் மாதா மாதம் 50,000 சம்பாதித்தால்தான் இந்த ஏற்பாடு உங்கள் வீட்டுக்குச் சமமாகும். வங்கியில் போட்டால் வட்டி வருமே என்பீர்கள். வரும். ஆனால் ஆறு வருடத்து இன்கிரிமென்டையும் டி.ஏ. உயர்வையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த உயர்வு இந்த வட்டியைத் தின்றுவிடும்.

வரியையும் மறக்க வேண்டாம். விஆர்எஸ் தொகையில் 5 லட்சம் வரைதான் விலக்கு, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. மீதி 24 லட்சத்துச் சொச்சம் அந்த நிதியாண்டின் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். முழு வருடச் சம்பளமும் வாங்கிவிட்டு மார்ச்சில் வெளியே வருகிறவரும், ஏப்ரலில் வருகிறவரும் கட்டும் வரியில் லட்சக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால் கேளுங்கள்.

உங்கள் தாளில் இல்லாதவை இன்னும் நான்கைந்து உண்டு. குவார்ட்டர்ஸில் இருக்கிறீர்கள் என்று முகவரியிலிருந்து தெரிகிறது. அதைக் காலி செய்த மறுநாள் முதல் வாடகை. ஆலை மருத்துவமனை வசதி விஆர்எஸ்காரர்களுக்கும் தொடருமா, தொடர்ந்தால் மனைவிக்கும் உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் உண்டு சார்" என்று சொன்னவர் அடுத்த மாதம் தானே விஆர்எஸில் போயிருப்பார். கூட்டுறவுச் சங்கக் கடன், வீட்டுக் கடன் பாக்கி எல்லாம் செட்டில்மென்டில் பிடித்தம் போகும். பென்ஷன் என்று நீங்கள் எழுதியிருப்பது தொழிலாளர் வைப்புநிதி பென்ஷன். 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிடுவதால் அது 6,000 ரூபாயைத் தொட்டாலே பெரிது. 58 வயதுக்கு முன் வாங்கினால் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். விருப்ப ஓய்வுக்காரர்களை 60 வயதுக்கு முன்பே அதில் சேர்ப்பது உண்மைதான். ஆனால் 55 முடிந்திருக்க வேண்டும், ஓய்வுப் பலன் வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். உங்கள் கணவருக்கு 54.

இதே தாள் இவரைவிட மூன்று வருடம் மூத்தவருக்குப் போனால் கதையே வேறு. எக்ஸ்கிரேஷியா எவ்வளவு வந்தாலும், மீதமுள்ள மாதங்களின் மொத்தச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 57 வயதுக்காரருக்கு 36 மாதச் சம்பளம் 28 லட்சம். சூத்திரப்படி வருவது 30 லட்சம். உச்சவரம்பு 28இல் நிறுத்தும். அதாவது மூன்று வருடச் சம்பளத்தையும் வீட்டில் உட்கார்ந்தபடி வாங்குகிறார். அவர் தயங்க வேண்டிய அவசியமே இல்லை. எப்படியும் போகப் போகிறவருக்குத்தான் இந்தத் திட்டம் அதிக லாபம், பத்து வருடம் உழைக்கக் கூடியவருக்கு நஷ்டம். நிர்வாகங்கள் இதை ஏன் இன்னும் மாற்றவில்லை என்பது எனக்குப் பிடிபடாத விஷயம்.

இவ்வளவும் ஆலை ஒழுங்காக ஓடினால். சம்பளம் 10ஆம் தேதி, 20ஆம் தேதி என்று தள்ளிப் போகிற ஆலையாக இருந்தால் நான் போட்ட 56 லட்சம் வெறும் காகிதக் கணக்கு. அப்போது கையில் வரும் 29 லட்சம் பெரிது. உங்கள் ஆலையில் சம்பளம் கடைசித் தேதியில் வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்டரும் இருக்கிறது. ஆகவே என் பதில்: வேண்டாம். உங்கள் கணவர் வெல்டிங் இன்ஸ்பெக்டர், அல்லது பாய்லர் சான்றிதழ் உள்ளவர், வெளியே ஒருவர் வேலை உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டார் என்றால் மறுபடி எழுதுங்கள், மறுபடி கணக்குப் போடலாம்.

தம்பியின் டைல்ஸ் கடை? வங்கிக் கடன் வாங்கிப் போடச் சொல்லுங்கள். வங்கி மேலாளர் கேட்கும் கேள்விகளை மாமா கேட்க மாட்டார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பிஎஸ்என்எல் விஆர்எஸ் வெற்றியா தோல்வியா என்று பயிற்சி மையத்தில் விவாதம். ஒரே வரியில் சொல்லுங்களேன்.
– ஒரு மாணவர், திண்டுக்கல்

ஒரே வரியில் வராது தம்பி. மதிப்பெண்ணுக்கு வேண்டியதை முதலில் தருகிறேன். 2019 அக்டோபர் 23 அன்று மத்திய அமைச்சரவை பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் இரண்டுக்கும் மறுசீரமைப்புத் திட்டத்தை ஏற்றது. எக்ஸ்கிரேஷியாவுக்கு மட்டும் 17,169 கோடி ரூபாய். நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விண்ணப்பம். 50 வயதைக் கடந்த நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். பிஎஸ்என்எல்லின் ஒன்றரை லட்சம் பேரில் 78,000க்கும் மேற்பட்டவர்கள் 2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை ஒரே நாளில் வெளியே போனார்கள். எம்டிஎன்எல்லில் 14,000க்கும் மேல்.

ஏன் இத்தனை பேர்? திருச்சி வாசகிக்குச் சொன்ன அதே 35, 25 சூத்திரம்தான் இவர்களுக்கும். ஆனால் 2000 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பிஎஸ்என்எல்லுக்கு மாறியபோதே இவர்களுக்கு அரசு பென்ஷன் உறுதி செய்யப்பட்டிருந்தது. வெளியே வந்த மறுமாதமே பென்ஷன். எக்ஸ்கிரேஷியாவும் 60 வயது வரை வரும் பென்ஷனும் சேர்ந்து, அந்தக் காலத்துக்கான சம்பளத்தின் 125 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். புரிகிறதா? வேலை செய்தால் 100, வீட்டில் இருந்தால் 125 வரை. கிராஜுவிட்டியும், பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக முன்பே வாங்கிக்கொள்ளும் கம்யூட்டேஷனும் தள்ளிப் போயின என்றாலும் மறுப்பது கஷ்டம்.

இன்னொரு பக்கம் பயம். 2019 பிப்ரவரிச் சம்பளம் மார்ச் நடுவில்தான் வந்தது. ஓய்வு வயதை 58 ஆகக் குறைத்துவிடுவார்கள் என்ற பேச்சு வேறு. வருமானத்தில் 75 சதவீதம் சம்பளத்துக்கே போகிறது என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. தனியார் நிறுவனங்களில் அது 6 சதவீதத்துக்கும் கீழே. கேபிள் இழுத்த, டவருக்குக் காவல் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது. பத்திரிகைகள் 78,000 என்ற எண்ணை எழுதியபோது அவர்களை யாரும் எண்ணவில்லை. அந்த விஆர்எஸ் பற்றி எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

பலன்? சம்பளச் செலவு ஏறத்தாழப் பாதியானது. கூடவே சேவை மையங்களில் ஆள் இல்லாமல் போனது, லேண்ட்லைன் பழுது பார்ப்பது ஒப்பந்தக்காரர்களிடம் போனது. எந்தத் தெருவில் எந்தக் கம்பத்துக்குக் கீழே எந்த ஜோடி செம்புக் கம்பி போகிறது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் 50 தாண்டியவர்கள், எல்லோரும் ஒரே வெள்ளிக்கிழமையில் போனார்கள். 2024 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் 262 கோடி ரூபாய் லாபம் வந்தது, 2007க்குப் பிறகு முதல் முறை. அதை விஆர்எஸ் கணக்கில் எழுத நான் தயாரில்லை. இடையில் 2022இல் 1.64 லட்சம் கோடி, 2023இல் 89,047 கோடி என்று மேலும் இரண்டு தொகுப்புகளை அரசு கொடுத்திருக்கிறது. தேர்வில் இரண்டு பக்கத்தையும் எழுதிவிடு.

என் அக்கா மகள் அமெரிக்காவில் மேரிலாந்தில் மத்திய அரசு வேலையில் இருக்கிறாள். 2025 தொடக்கத்தில் ‘ராஜினாமா’ என்று ஒரே வார்த்தையில் பதில் மெயில் போட்டால் செப்டம்பர் வரை சம்பளம் என்றார்களாம். அவள் போடவில்லை. செய்தது சரியா? நம் விஆர்எஸ் போன்றதுதானா அது?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பெயரில்தான் ஒற்றுமை. நம் விஆர்எஸில் அமைச்சரவை முடிவு, சுற்றறிக்கை, சூத்திரம், தொகை எல்லாம் முன்கூட்டியே காகிதத்தில் இருக்கும். அங்கே 2025 ஜனவரி 28 மாலை, பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு மெயில் வந்தது. தலைப்பு ‘பாதை இரண்டாகப் பிரியும் இடம்’ என்ற பொருளில். 2022 நவம்பரில் எலான் மஸ்க் ட்விட்டர் ஊழியர்களுக்கு அனுப்பிய மெயிலுக்கும் இதே தலைப்புதான். பிப்ரவரி 6க்குள் பதில் போட வேண்டும். போட்டால் செப்டம்பர் 30 வரை சம்பளத்தோடு விடுப்பு, அதன்பின் வேலை இல்லை. ஒன்பது நாளில் ஒருவர் முப்பது வருட வேலையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். ராணுவம், தபால், குடியேற்றக் கட்டுப்பாடு போன்ற பிரிவுகளுக்கு விலக்கு.

மொத்தமாக ஒரு தொகை கிடையாது, அதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் சட்டப்படியான விருப்ப விலகல் ஊக்கத்தொகை தனியாக இருக்கிறது. கிளின்டன் காலத்தில் 1994இல் சட்டம் போட்டு 25,000 டாலர் வரை என்று வைத்தார்கள். பாதுகாப்புத் துறைக்கு மட்டும் பிற்பாடு 40,000 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு இன்றும் அதே 25,000. முப்பது வருட விலைவாசியில் அது என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். வாங்கியவர் ஐந்து வருடத்துக்குள் மறுபடி மத்திய அரசு வேலைக்கு வந்தால் முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த விதி எனக்குப் பிடிக்கும்.

2025 மெயிலில் என்னை உறுத்தியது வேறு. செப்டம்பர் வரை சம்பளம் என்று வாக்குக் கொடுத்தார்கள், ஆனால் நாடாளுமன்றம் அன்றைக்கு நிதி ஒதுக்கியிருந்தது மார்ச் 14 வரைதான். ஒதுக்காத பணத்தை யார் வாக்குக் கொடுப்பது? சங்கங்கள் இதைச் சொல்லித்தான் நீதிமன்றம் போயின. பாஸ்டனில் நீதிபதி ஜார்ஜ் ஓ'டூல் சில நாள் நிறுத்திவைத்தார், பிறகு வழக்குத் தொடுக்கச் சங்கங்களுக்கு இடமில்லை என்று பிப்ரவரி 12 அன்று தடையை விலக்கினார். அன்றே வாசல் மூடியது. சுமார் 75,000 பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வருமானவரித் துறையில் ஒப்புக்கொண்ட பலரை வரித் தாக்கல் காலம் முடிந்து மே 15 வரை இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். பிறகு துறைவாரியாக இன்னொரு சுற்று நடந்தது. ஜூலை இறுதிக்குள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

கதவு மூடிய மறுநாளே தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக நீக்க ஆரம்பித்துவிட்டார்கள். ‘விருப்பம்’ என்ற பெயர் வைத்த காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் கத்தரியோடு நின்றால் அதற்குப் பெயர் விருப்பம் இல்லை. உங்கள் அக்கா மகள் பதில் போடாமல் விட்டதில் தவறு காண மாட்டேன். எழுதாத நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடாதவள் கெட்டிக்காரி. அவளுடைய சர்வீஸ் எத்தனை வருடம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே பென்ஷன் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

விஆர்எஸ் வாங்கிய என் கணவர் காலை ஆறு மணிக்கே எழுந்து சமையலறையில் மேற்பார்வை செய்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஈரோடு

செட்டில்மென்ட் பிரிவில் இதற்குப் படிவம் இல்லை அம்மா. ரேஷன் கடை, மின் கட்டணம், பேரனின் பள்ளி வேன் ஆகிய மூன்றையும் எழுத்துப்பூர்வமாக ஒப்படையுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தால் அரசு ஊழியர்கள் மதிப்பார்கள்.

நான் 2001இல் அரசுப் பள்ளியில் பணியில் சேர்ந்த ஆசிரியை. மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். ராஜினாமா கடிதம் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். எப்போது பென்ஷன் வரும்?
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

மகளே, இந்தப் பதில் அச்சில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தபாலிலும் எழுதிவிட்டேன். நாளைக் காலை முதல் வேலையாகப் போய் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்குங்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டது என்றால் அங்கே போய் எழுத்தில் வாபஸ் வாங்குங்கள்.

ராஜினாமா செய்தால் முந்தைய சர்வீஸ் முழுவதும் அழிந்துவிடும். இருபது வருடத்துக்கு மேல் பணி செய்து, 2003 ஏப்ரலுக்கு முன்பே சேர்ந்து பழைய பென்ஷனுக்கு உரியவரான நீங்கள், ஒரு வெள்ளைத் தாளில் எழுதிய நாலு வரியால் ஒன்றும் இல்லாதவராகிவிடுவீர்கள். உரிய அனுமதியோடு இன்னொரு அரசு வேலைக்குப் போகத்தான் ராஜினாமாவில் விலக்கு உண்டு. டெல்லி மின் விநியோக நிறுவன ஊழியர் ஒருவர், தான் அத்தனை வருடம் உழைத்ததைச் சொல்லித் தன் ராஜினாமாவை விருப்ப ஓய்வாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சர்வீஸ் எத்தனை வருடம் என்பது பொருட்டில்லை, ராஜினாமா என்று கொடுத்தால் ராஜினாமாதான்.

நீங்கள் எழுத வேண்டியது விருப்ப ஓய்வுக்கான மூன்று மாத முன்னறிவிப்பு. எந்த விதியின் கீழ் என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள், பணிப் பதிவேட்டில் சர்வீஸ் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று எழுத்தரிடம் கேளுங்கள். இதில் எக்ஸ்கிரேஷியா எதுவும் கிடையாது, பென்ஷனும் கிராஜுவிட்டியும்தான். அதற்கும் முன் ஒரு யோசனை: முதலில் விடுப்பு எடுத்துப் பாருங்கள். கையில் இருக்கும் விடுப்பையெல்லாம் தீர்த்தாலும் வேலை அப்படியே இருக்கும். மாமியாரின் உடல்நிலை ஆறு மாதத்தில் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் ஆளுக்கு ஒரு வாரம் பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்டுவிட்டேன்.

விஆர்எஸ் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. "கொடுத்தால் திரும்பப் பெற முடியாது" என்று படிவத்திலேயே இருக்கிறது. மனம் மாறிவிட்டது. வழி உண்டா?
– ஒரு வாசகர், சேலம்

உண்டு, ஆனால் வேகம் வேண்டும். 2000இல் பொதுத்துறை வங்கிகள் விட்ட விஆர்எஸிலும் இதே வரி இருந்தது. பல ஊழியர்கள் மனம் மாறி வழக்குப் போட்டார்கள். 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: திட்டத்தை அறிவிப்பது விண்ணப்பிக்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. ஊழியர் கொடுக்கும் விண்ணப்பம்தான் முன்மொழிவு. நிர்வாகம் அதை ஏற்றுக்கொள்ளும் வரை திரும்பப் பெறலாம். ஆனால் பணத்தை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டவர்களுக்கு அந்தச் சலுகையை நீதிமன்றம் தரவில்லை. ஏற்பு உத்தரவு வருவதற்கு முன் வாபஸ் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மெயிலும் போடுங்கள், அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரையும் வாங்குங்கள். உங்கள் திட்டத்தின் நிபந்தனை சற்று வேறாக இருக்கலாம், ஆகவே ஒரு பணிச்சட்ட வழக்கறிஞரிடம் படிவத்தைக் காட்டிவிடுங்கள்.

என் அப்பா 2001இல் வங்கியிலிருந்து விஆர்எஸ் வாங்கினார். அன்றைக்கு எடுத்த முடிவால்தான் நாங்கள் கஷ்டப்பட்டோம் என்று அம்மா இன்றும் குத்திக் காட்டுகிறார். அப்பா பேசாமல் இருந்துவிடுவார்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அவர் சார்பில் நான் பேசுகிறேன். அந்த விஆர்எஸில் வெளியே போனவர்கள் ஒரு லட்சம் பேர். 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் போதும், வருடத்துக்கு 60 நாள் சம்பளம். கம்ப்யூட்டர் வருகிறது, ஆள் குறைப்பார்கள், வேற்று மாநிலத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பக்கம் பேச்சு. இன்னொரு பக்கம், அன்றைக்கு அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் வட்டி 11 சதவீதம் இருந்தது. லட்சத்துக்கு மாதம் 917 ரூபாய். ஒரு வங்கி ஊழியர் அந்த வட்டியை வைத்துக் கணக்குப் போட்டால் சம்பளம் போல வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் என்றுதான் விடை வரும். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

2001 மார்ச்சில் 9.5 ஆகக் குறைத்தார்கள். 2003இல் 8. லட்சத்துக்கு 667 ரூபாய். வங்கி வைப்புநிதி வட்டி அதற்கும் கீழே போனது. பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்பிய யூனிட் டிரஸ்ட்டின் யுஎஸ்-64 திட்டத்தில் போட்டவர்களுக்கு 2001 ஜூலையில் பணத்தை எடுக்கவே தடை விழுந்தது. இந்த மூன்றும் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு நடந்தவை. வட்டி விகிதத்தைக் குறைத்தது உங்கள் அப்பா இல்லை. அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், அப்பா முன்னால் வேண்டாம்.

மத்திய அரசு ஊழியன். ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்துக்கு மாறியிருக்கிறேன். 25 வருடம் முடிந்ததும் விருப்ப ஓய்வில் போனால் மறுமாதமே பாதிச் சம்பளம் பென்ஷனாக வரும் என்கிறார் நண்பர். அப்போது எனக்கு 50 வயது.
– ஒரு வாசகர், ஆவடி

நண்பர் பாதி படித்திருக்கிறார். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்தில் 25 வருடம் முடித்து விருப்ப ஓய்வு பெறலாம் என்பது சரி. ஆனால் உறுதியளிக்கப்பட்ட தொகை, நீங்கள் வேலையில் தொடர்ந்திருந்தால் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருப்பீர்களோ அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். 50இல் வெளியே வந்தால் 60 வரை பத்து வருடம் மாத வருமானத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு என்ன என்று நீங்கள் எழுதவில்லை.